நடுநிறம்: மத்திய மலைநாட்டுத் தேசப்படங்களில் இருதிசை நிற அளவுகோல் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

தேசப்படத்தை நிலத்தின் நிழல் எனக் கொள்வது பொதுவழக்கு. மலை இருக்குமிடத்தில் மலையும் ஆறு ஓடுமிடத்தில் ஆறும் காட்டப்பெறின் படம் உண்மையானது என்று நாம் அமைதியடைகின்றோம். ஆயின், அளவுகளை நிறங்களாக மாற்றிக் காட்டும் படங்களில் இத்தகைய அமைதிக்கு இடமில்லை. எவ்வளவு மழை, எவ்வளவு காடு, எத்தனை மக்கள் என்னும் வினாக்களுக்கு எண்களே விடையாயினும், அவ்வெண்களுக்கு எந்நிறம் தீட்டுவது என்பதை நிலம் தீர்மானிப்பதில்லை. படத்தை ஆக்குவோரே தீர்மானிக்கின்றனர். அத்தீர்மானம் வரலாற்றறிவின்பாற்பட்டது என்பதையும், மத்திய மலைநாட்டுத் தேயிலைப் பெருந்தோட்டங்களைப் படமாக்க முனைவோர்க்கு அது தவிர்க்கவொண்ணாத பொறுப்பு என்பதையும் எடுத்துக்காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இங்கு நாம் எடுத்துக்கொள்வது ராஸ்டர் எனப்படும் தரவுவகை. நிலப்பரப்பைக் கட்டத்தாள் போன்று சிறுசிறு சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்துக்கும் ஓர் எண்ணை வைப்பதே ராஸ்டர் ஆகும். அவ்வெண் உயரமாகவோ மழைவீழ்ச்சியாகவோ சனத்தொகையாகவோ இருக்கலாம். அதனை நிறமாக்கும் வழிகளுள் இரண்டு முதன்மையானவை. வெளிறிய நிறத்தில் தொடங்கி அடர்நிறத்தில் முடிவது ஒருதிசை அளவுகோல். அது குறைவிலிருந்து மிகுதிக்குச் செல்வதைக் காட்டும். நடுவில் வெளிறிய நிறத்தை வைத்து, ஒருபுறம் ஒரு நிறமும் மறுபுறம் வேறொரு நிறமும் படிப்படியாக அடர்ந்து செல்லுமாறு அமைப்பது இருதிசை அளவுகோல். பின்னதில் நடுநிறமே உயிர்நிலை. ‘இதற்கு மேல், இதற்குக் கீழ்’ என்று உலகை இரண்டாகப் பிரிக்கும் கோடு அது. அக்கோடு எங்கே இடப்படல் வேண்டும் என்பதே நம்முன் உள்ள வினா.

1. நிறம் படத்துள் புகுந்த வரலாறு

சமூக அளவொன்றை நிறச்செறிவால் காட்டிய முதற் படமாகப் பொதுவாகக் குறிப்பிடப்படுவது, பிரான்சிய அறிஞர் சார்ள்ஸ் டுப்பின் 1826இல் வெளியிட்ட படமாகும். பிரான்சின் மாவட்டங்களிற் பள்ளிசெல்லும் மாணவர் தொகையை அவர் கறுப்பு வெள்ளைச் சாயல்களால் காட்டினார். கல்வி குறைந்த மாவட்டங்கள் கருமையாயின, மிகுந்தவை வெண்மையாயின. ‘இருண்ட பிரான்சு’, ‘ஒளிபெற்ற பிரான்சு’ என்னும் பாகுபாடு அப்படத்தின் வழியாகவே மக்கள் மனத்தில் வேரூன்றியது. எண்கள் கூறியது வேறுபாட்டை மட்டுமே. இழிவையும் உயர்வையும் கூறியது நிறம். தொடக்கத்திலேயே நிறம் தீர்ப்பாக அமைந்தமை மனங்கொள்ளத்தக்கது.

இலங்கையில் நில அளவைத் திணைக்களம் 1800இல் நிறுவப்பெற்றது. ஆயினும் மலைநாட்டின் நுண்ணிய அளவீட்டுக்கு உந்துதல் அளித்தது அறிவார்வம் மட்டுமன்று. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் தரிசு நிலங்களையும் காடுகளையும் முடிக்குரியனவாகக் கொண்டது. அந்நிலங்கள் கோப்பிச் செய்கையாளர்க்கு விற்கப்பட்டன. விற்பதற்கு எல்லை வேண்டும். எல்லைக்கு அளவீடு வேண்டும். 1862இல் வெளிவந்த ஜெனரல் ஜோன் பிரேசரின் இலங்கைப் படம் இக்காலகட்டத்தின் விளைபொருள். 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பயிரிட்டதும், 1869இல் கோப்பி இலைநோய் கண்டறியப்பட்டதும், அடுத்த இரு தசாப்தங்களில் கோப்பி அழிந்து தேயிலை மலைகளை மூடியதும் நாமறிந்த வரலாறு. மலைநாட்டுப் படத்தின் பிறப்பே பெருந்தோட்டப் பொருளாதாரத்தின் பிறப்போடு பிணைந்தது என்பது இதனாற் பெறப்படும்.

நிறத்தேர்வு முறைப்படுத்தப்பட்டது அண்மைக்காலத்திலேயாம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்துப் புவியியலாளர் சிந்தியா புரூவர், 1990களில் வகுத்த நெறிகளின் அடிப்படையில், இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் கலர்புரூவர் என்னும் நிறத்தொகுதியை ஆக்கியளித்தார். ஒருதிசை, இருதிசை, வகைசார் என நிற அளவுகோல்கள் மூன்றாகப் பகுக்கப்படுவது அத்தொகுதியால் பரவலாயிற்று. அதில் இருதிசைக்கென ஒன்பது நிறத்தொடர்கள் உள.

ஏறத்தாழ இதே காலத்தில் நியூசிலாந்தின் ஒக்லாந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த றொஸ் இஹாக்கா, றொபேட் ஜென்டில்மன் ஆகிய இருவரும் ஆக்கிய ‘ஆர்’ என்னும் புள்ளிவிவரக் கணினிமொழி உலகெங்கும் பரவியது. அதன் முதலாவது முழுப்பதிப்பு 29 பெப்ரவரி 2000 அன்று வெளிவந்தது. இம்மொழியை எவரும் விலையின்றிப் பெறலாம், மூலத்தைத் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். விலையுயர்ந்த மென்பொருள்களை வாங்கவியலாத பல்கலைக்கழகங்களுக்கு இது பெரும்பேறாகும். ராஸ்டரைக் கையாள்வதற்கு றொபேட் ஹிஜ்மன்ஸ் ஆக்கிய ‘ராஸ்டர்’ பொதியும், அதன் வழித்தோன்றலாகிய ‘டெரா’ பொதியும் இன்று பெருவழக்கில் உள்ளன. அளவைத் திணைக்களங்களின் தனியுரிமையாக இருந்த படமாக்கல், மாணவர் கைக்கு வந்துள்ளது. அதனுடன் டுப்பினின் பொறுப்பும் அவர்கள் கைக்கு வந்துள்ளது.

2. உயரம்: நடுவில்லா அளவு

முதலில் எளியதோர் எடுத்துக்காட்டை நோக்குவோம். இலங்கைத் தீவின் உயரத் தரவைக் கணினியில் ஏற்றி, இருதிசை நிறத்தொடர் ஒன்றை அதற்கு அளிப்பதாகக் கொள்வோம். நாம் வேறெதுவும் கூறாவிடின், கணினி மிகச்சிறிய எண்ணையும் மிகப்பெரிய எண்ணையும் இரு முனைகளில் வைத்து, அவற்றின் நடுவில் வெண்மையை இடும். தீவின் தாழ்ந்த எல்லை கடல்மட்டம். உயர்ந்த எல்லை 2,524 மீற்றர் உயரமுடைய பீதுருதாலகாலை. ஆகவே வெண்மை 1,262 மீற்றரில் அமையும்.

அட்டன் நகரம் ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்தில் உள்ளது. எனவே அட்டன் ‘உயர்ந்ததுமன்று, தாழ்ந்ததுமன்று’ என்னும் நிறத்தைப் பெறும். நுவரெலியா ஒரு நிறத்தில் மிளிர, கண்டியும் கொழும்பும் மறுநிறத்தில் ஆழ்ந்து கிடக்கும். கண்டி நகரம் எதைவிடக் குறைந்தது? பீதுருதாலகாலையின் சரிபாதியைவிடக் குறைந்தது என்பதன்றி இதற்கு வேறு பொருளில்லை. உயரம் கடல்மட்டத்தில் தொடங்கி மேற்செல்லும் அளவு. அதன் நடுவில் எவ்விதத் திருப்பமும் நிகழ்வதில்லை. எனவே அதற்கு உரியது ஒருதிசை அளவுகோலேயாம்.

எனினும் வினா மாறுமாயின் விடையும் மாறும். தேயிலை வர்த்தகம் 2,000 அடி, 4,000 அடி என்னும் இரு எல்லைகளைக் கொண்டு தாழ்நிலத் தேயிலை, இடைநிலத் தேயிலை, உயர்நிலத் தேயிலை எனப் பிரிக்கின்றது. 4,000 அடி என்பது ஏறத்தாழ 1,200 மீற்றர். ‘எத்தோட்டங்கள் உயர்நிலத் தேயிலையின் எல்லைக்கு மேலுள்ளன, எவை கீழுள்ளன’ என்பதே ஆய்வுப் பொருளாயின், 1,200 மீற்றரை நடுவாகக் கொள்ளுதல் பொருத்தமாகும். அப்போது அட்டன் வெண்மையிலிருந்து சற்று விலகி உயர்நிலத்தின் பக்கம் சேரும். 1,262க்கும் 1,200க்கும் இடையே உள்ள வேறுபாடு சிறிதெனினும், முன்னது இரு முனைகளின் கூட்டலால் எழுந்த வெறும் எண். பின்னது சந்தையாலும் விலையாலும் நிறுவப்பட்ட சமூக எல்லை. இருதிசை அளவுகோலுக்கு நடுவாகும் தகுதி பின்னதற்கே உண்டு.

3. மழையும் காடும்: நடு என்பது ஓர் ஆண்டு

மலைநாட்டின் மேற்குச் சரிவு தென்மேற்குப் பருவக்காற்றாலும், கிழக்குச் சரிவு வடகீழ்ப் பருவக்காற்றாலும் மழை பெறுகின்றன. வட்டவளைப் பகுதியில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றர் அளவில் மழை பொழிய, மலைமுதுகைக் கடந்ததும் அது வெகுவாகக் குறைந்துவிடும். ஊவாச் சரிவில் யூலை, ஓகஸ்ட் மாதங்களில் வீசும் வறண்ட காற்றே அப்பகுதித் தேயிலையின் தனிச்சுவைக்குக் காரணம் என்பர். இந்நிலையில், ஓர் ஆண்டின் மழையை எடுத்து, முழுப்படத்தின் சராசரியை நடுவாக்கினால் என்ன நிகழும்? அட்டன் பக்கம் என்றும் மிகுமழையாகவும் ஊவாப் பக்கம் என்றும் குறைமழையாகவும் தோன்றும். அட்டனில் கொடிய வரட்சி ஏற்பட்ட ஆண்டிலும் படம் அதனை மறைத்துவிடும். ஆகவே ஒவ்வொரு சதுரத்தையும் அதன் சொந்த நீண்டகாலச் சராசரியோடு ஒப்பிட்டு, எவ்வளவு கூடியது, எவ்வளவு குறைந்தது என்று கணித்த பின்னரே இருதிசை நிறத்தைத் தீட்டல் வேண்டும்.

நீண்டகாலச் சராசரி என்பது யாது? வளிமண்டலவியலாளர் முப்பது ஆண்டுகளை ஓர் அலகாகக் கொள்வர். 1961 முதல் 1990 வரையும் ஒரு முப்பது. 1991 முதல் 2020 வரையும் ஒரு முப்பது. எந்த முப்பதைத் தெரிவது என்பது வெறும் நுட்ப வினாவன்று. இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்து எட் ஹோக்கின்ஸ் 2018இல் ஆக்கிய, உலக வெப்பமுயர்வைக் காட்டும் நீல, சிவப்புப் பட்டைகள் இன்று பலரும் அறிந்தவை. அவற்றின் நடு 1971 முதல் 2000 வரையுள்ள சராசரியாகும். அதனை இன்னும் பின்தள்ளி வைப்பின் சிவப்பு குறையும். முன்தள்ளி வைப்பின் சிவப்பு பெருகும். வெப்பநிலை மாறவில்லை, ‘வழமை’ என்று நாம் ஏற்றுக்கொண்டது மாறிவிட்டது.

மலைநாட்டுக்கு இது நேரடியாகப் பொருந்தும். நுவரெலியாவின் ஆண்டு மழைவீழ்ச்சி கடந்த நூற்றாண்டில் குறைந்து வந்துள்ளமையை மேல் மகாவலி வடிநிலம் பற்றிய ஆய்வுகள் எடுத்துக்காட்டியுள்ளன. படிப்படியாகக் குறைந்து வரும் ஒன்றுக்கு அண்மைய முப்பதாண்டுகளை நடுவாக்கினால், குறைவே வழமையாகிவிடும். இழப்பு வெண்மையுள் மறையும். மேலும், செய்மதித் தரவையும் நிலைய அளவீடுகளையும் இணைத்து ஆக்கப்பட்டு இன்று பரவலாகப் பயன்படும் ‘சேர்ப்ஸ்’ மழை ராஸ்டர் 1981இலிருந்தே தொடங்குகின்றது. அதனை மட்டும் நம்புவோர்க்கு 1981க்கு முற்பட்ட வழமை என்பதே கிடையாது. தரவின் பிறந்த ஆண்டு வரலாற்றின் தொடக்க ஆண்டாகிவிடும் ஆபத்து இங்குள்ளது.

இவ்வாபத்து காடு பற்றிய படங்களில் இன்னும் வெளிப்படையானது. லான்ட்சாற் வரிசையின் முதலாவது செய்மதி 1972 யூலையில் ஏவப்பட்டது. இலங்கையில் நிலச் சீர்திருத்தச் சட்டம் நிறைவேறியதும் அதே ஆண்டிலாகும். செய்மதிப் படங்களைக் கொண்டு 1972க்கும் இன்றைக்கும் இடையே தாவரப்போர்வை எவ்வாறு மாறிற்று என்று படமாக்குவோமாயின், டிக்கோயாவிலும் டிம்புளையிலும் உள்ள தேயிலைச் சரிவுகளிற் பெரும்பகுதி ‘மாற்றமில்லை’ என்னும் வெண்மையைப் பெறும். தேயிலை அன்றும் இருந்தது, இன்றும் இருக்கின்றது. ஆயின் அம்மலைகளின் வரலாற்றில் நிகழ்ந்த மிகப்பெரிய மாற்றம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலைக்காடுகள் வெட்டி எரிக்கப்பட்டமையே. அதனை நிறைவேற்றியவை தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளரின் கைகள். நடு ஆண்டை 1972இல் வைத்த படத்தில் அம்மாற்றமும் இல்லை, அக்கைகளும் இல்லை. வெண்மை என்பது ‘ஒன்றும் நிகழவில்லை’ என்று பொருள்படாது. ‘நாம் பார்க்கத் தொடங்கிய பின்னர் ஒன்றும் நிகழவில்லை’ என்றே பொருள்படும். படத்தின் அடியில் இதனை எழுதி வைத்தல் ஆய்வு நேர்மையாகும்.

நிறங்களின் தேர்வும் இவ்விடத்தில் நோக்கற்பாலது. மழைப் படங்களில் குறைவுக்குக் கபிலமும் மிகுதிக்குப் பச்சையும் தீட்டுவது மரபு. பச்சை செழிப்பின் நிறம். பயிரின் நிலைநின்று நோக்குமிடத்து இது இயல்பானதே. ஆயின் செங்குத்தான சரிவில், பழைய லயன் அறைகளில் வாழும் குடும்பத்தின் நிலைநின்று நோக்குமிடத்து, மிகுமழை செழிப்பன்று, மண்சரிவு. 29 ஒக்டோபர் 2014 அன்று பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தைப் பகுதியிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் லயன்களை மண் மூடியது. அத்தகைய நாளொன்றின் மழையைக் கரும்பச்சையிற் காட்டும் படம், கொழுந்தைப் பற்றிச் சிந்தித்த அளவுக்குக் கொழுந்து பறித்தவரைப் பற்றிச் சிந்திக்கவில்லை என்றே கூறல் வேண்டும். இரு முனைகளும் தீங்காகும் இடத்தில், நன்மை தீமைச் சாயலற்ற செம்மஞ்சள், ஊதா போன்ற இணையைத் தெரிவது தக்கது.

4. மக்கள்: நடு என்பது ஒரு வினா

சனத்தொகை மாற்றத்தைப் படமாக்குகையில் இச்சிக்கல் அதன் முழு வடிவையும் பெறுகின்றது. இலங்கைக் குடிசன மதிப்பீடுகளில் இந்தியத் தமிழர் என்னும் வகுப்பு 1911 முதல் தனியே காட்டப்பட்டு வந்துள்ளது. அவர்தம் தொகை 1946இல் 7,80,589, 1953இல் 9,74,098, 1963இல் ஏறத்தாழ 11 இலட்சத்து 23 ஆயிரம், 1971இல் ஏறத்தாழ 11 இலட்சத்து 75 ஆயிரம், 1981இல் 8,18,656.

இவற்றுள் 1963க்கும் 1971க்கும் இடைப்பட்ட காலத்தை எடுத்துக்கொள்வோம். தொகை 4.6 சதவீதம் கூடியுள்ளது. நடுவைச் சுழியத்தில் வைத்தால், இது இளம்பச்சை, அதாவது வளர்ச்சி. ஆனால் அதே எட்டு ஆண்டுகளில் நாட்டின் மொத்தச் சனத்தொகை 1,05,82,064இலிருந்து 1,26,89,897 ஆக, 19.9 சதவீதம் உயர்ந்தது. நடுவைத் தேசிய வளர்ச்சியில் வைத்தால் அதே 4.6 ஆழ்ந்த கபிலத்தில் விழும், அதாவது வீழ்ச்சி. எண் ஒன்றே, நிறங்கள் எதிரெதிரானவை. இவற்றுள் எது உண்மை?

இரண்டும் உண்மையே, ஆயின் இரண்டும் வெவ்வேறு வினாக்களுக்கு விடைகள். ‘மலைநாட்டில் மக்கள் கூடினரா குறைந்தனரா’ என்பது முதல் வினா. பள்ளிக்கூடம், குடிநீர், அறைகளின் தேவை ஆகியவற்றைத் திட்டமிடுவோர்க்கு அதுவே வேண்டும். அதற்கு நடு சுழியம். ‘நாட்டின் ஏனைய மக்களைப் போல் இம்மக்கள் பெருகினரா’ என்பது இரண்டாவது வினா. 30 ஒக்டோபர் 1964 அன்று கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கும், 3,00,000 பேர் இலங்கைக்கும் என்று பங்கிடப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். இப்பின்னணியில், நாட்டின் பொது வளர்ச்சியினின்று இம்மக்கள் எவ்வளவு விலக்கப்பட்டனர் என்பதை அறிய விழைவோர்க்கு நடு 19.9 ஆகும். தேர்ந்தெடுத்த வினாவைத் தலைப்பில் கூறாது நிறத்தை மட்டும் தீட்டுவதே தவறு.

1971க்கும் 1981க்கும் இடையில் எந்த நடுவைக் கொண்டாலும் நிறம் ஒன்றே. நாடு 17.0 சதவீதம் வளர, இந்தியத் தமிழர் என்று பதிவானோர் 30.3 சதவீதம் குறைந்தனர். ஒப்பந்தப்படி தாயகம் திரும்புதல் எனப்பட்ட வெளியேற்றம், எழுபதுகளின் உணவுத் தட்டுப்பாட்டுக் காலத்தில் தோட்டங்களில் உயர்ந்த மரணங்கள், 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின் வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தமை, தம்மை இலங்கைத் தமிழர் எனப் பதிந்துகொண்டமை ஆகிய யாவும் இவ்வொரே கபிலத்துள் அடங்கியுள்ளன. சாவும் பிரிவும் பெயர்மாற்றமும் ஒரே நிறத்தைப் பெறுகின்றன. இருதிசை நிறம் எத்திசையில் எவ்வளவு என்பதைக் கூறும். ஏன் என்பதைக் கூறாது.

இதனினும் கூரியதோர் எச்சரிக்கை 1946க்கும் 1953க்கும் இடைப்பட்ட காலத்தில் உள்ளது. அப்போது இந்தியத் தமிழர் தொகை 24.8 சதவீதம் கூடியது. நாட்டின் வளர்ச்சி 21.6 சதவீதம். எந்த நடுவை வைத்தாலும் மலைநாடு பச்சையாகும். ஆனால் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், 1949ஆம் ஆண்டுத் தேர்தற் சட்டத் திருத்தமும் இம்மக்களிற் பெரும்பாலோரின் குடியுரிமையையும் வாக்குரிமையையும் பறித்தது இவ்வேழாண்டுகளிலேயே. மிகப் பசுமையான படம் மிகக் கொடிய காலத்தின் படமாக அமைகின்றது. தலைகளை எண்ணும் படத்தினின்று உரிமைகளை அறியவியலாது. நாடற்றோர் என்னும் நிலை முடிவுக்கு வர 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதையும் உடன் நினைத்தல் தகும்.

குடிசன மதிப்பீடுகள் ஒன்றுக்கொன்று சம இடைவெளியில் எடுக்கப்படாமையால், வெவ்வேறு காலங்களை அடுத்தடுத்து வைத்து ஒப்பிடுங்கால் ஆண்டு வளர்ச்சி வீதமாக மாற்றிக்கொள்ளல் அவசியம். அன்றியும், குடிசனத் தரவு நிர்வாகப் பிரிவுகளுக்கு உரியது. அதனைச் சதுரங்களாகப் பங்கிட்டு ராஸ்டராக்கும்போது மற்றொரு சிதைவு நேர்கின்றது. தோட்ட மக்கள் மலையெங்கும் பரந்து வாழ்வதில்லை. பல நூறு ஏக்கர் தேயிலையின் நடுவே சில லயன் வரிசைகளில் நெருக்கி வைக்கப்பட்டுள்ளனர். பிரிவின் தொகையைச் சதுரங்கள் மீது சமமாகப் பரப்பினால் அந்நெருக்கடி கரைந்து, மக்கள் தேயிலைச் செடிகளினிடையே காற்றாட வாழ்வது போன்ற தோற்றம் கிடைக்கும்.

5. செய்முறை பற்றிய சில குறிப்புகள்

மேற்கூறியவற்றை ஆர் மொழியில் நடைமுறைப்படுத்துவோர் பின்வருவனவற்றைக் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

முதலாவது, நடுவை நாமே எண்ணாகக் கூறல் வேண்டும். ஜிஜிபுளொட் பொதியில் இரு நிறங்களிடையே நடுநிறத்தை அமைக்கும் கட்டளை, நாம் கூறாதவிடத்துச் சுழியத்தை நடுவாகக் கொள்ளும். கலர்புரூவர் தொடரை விரித்துத் தரும் கட்டளையும் டெரா பொதியின் வரைதற் கட்டளையும் அவ்வாறன்று. அவை மிகச்சிறிய எண்ணுக்கும் மிகப்பெரிய எண்ணுக்கும் இடையே நிறத்தைப் பரப்பிவிடும். எடுத்துக்காட்டாக, மாற்றங்கள் −60 முதல் +20 வரை அமையின், நடுநிறம் −20இல் விழும். இருபது சதவீத இழப்பு நடுநிலையாகிவிடும். பத்துச் சதவீத இழப்பு ஆதாயத்தின் நிறத்தைப் பெறும். இதனைத் தவிர்க்க எல்லைகளை −60, +60 எனச் சமமாக நீட்டுதல் வேண்டும். ஆதாயத்தின் அடர்நிறம் படத்தில் எங்கும் தோன்றாமற் போகலாம், அதுவே உண்மை.

இரண்டாவது, விகிதங்களுக்கு மடக்கை அளவே பொருத்தம். மழை வழமையின் பாதியாவதும் இருமடங்காவதும் விகித அளவில் ஒத்த தூரம். சதவீதமாக எழுதினால் ஒன்று −50 எனவும் மற்றது +100 எனவும் தோன்றி, வரட்சி வெளிறிவிடும்.

மூன்றாவது, ஓரிரு சதுரங்களின் மிகை எண்கள் முழுப்படத்தையும் ஆளவிடலாகாது. மூவர் வாழ்ந்த சதுரத்தில் பன்னிருவர் குடியேறின் அது 400 சதவீத உயர்வு. அவ்வெண்ணுக்காக அளவுகோலை நீட்டினால் ஆயிரக்கணக்கானோரின் இழப்பு வெண்மைக்கு அருகே ஒதுங்கும். எல்லையை ஓரிடத்தில் நிறுத்தி, அதற்கப்பாற்பட்டவை முனைநிறத்தைப் பெறும் என்று குறிப்பிடலாம்.

நான்காவது, இருபுறத்து நிறங்களும் ஒரே அளவில் அடர்ந்து செல்லல் வேண்டும். நிறவகை, செறிவு, ஒளிர்வு ஆகிய மூன்றையும் தனித்தனியே ஆளும் ‘கலர்ஸ்பேஸ்’ பொதி இதற்கு உதவும். ஆர் மொழியின் ஆக்குநர்களுள் ஒருவரான இஹாக்காவும் அப்பொதியின் ஆக்கத்தில் பங்குகொண்டவர். சிவப்பு, பச்சை இணையைத் தவிர்த்தல் நலம். ஆண்களிற் கணிசமானோர்க்கு அவ்விரண்டும் வேறுபட்டுத் தோன்றா. நீலம், சிவப்பு அல்லது ஊதா, செம்மஞ்சள் இணைகள் அக்குறையற்றவை.

ஐந்தாவது, நம் போன்ற சஞ்சிகைகளுக்கு மிக முக்கியமானது. இருதிசைப் படத்தைக் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டாலோ ஒளிப்பிரதி எடுத்தாலோ இரு முனைகளும் ஒரே சாம்பல் நிறமாகும். குடிபுகுந்த வவுனியாவும் குடிபெயர்ந்த நுவரெலியாவும் வேறுபாடின்றிக் கருமையாகும். நிற அச்சு இயலாதவிடத்து, கூடியவற்றை ஒரு படமாகவும் குறைந்தவற்றை மற்றொரு படமாகவும் ஒருதிசைச் சாயலில் வெளியிடுதலே நேர்மை.

இறுதியாக, தரவின்மைக்கும் நடுநிலைக்கும் ஒரே வெண்மையைத் தீட்டலாகாது. ‘மாற்றமில்லை’ என்பதும் ‘எவரும் எண்ணவில்லை’ என்பதும் முற்றிலும் வேறானவை. தரவில்லாச் சதுரங்களுக்குக் கோடிட்ட சாம்பல் போன்ற தனிக் குறியீடு தேவை.

6. முடிவுரை

மேற்கண்டவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, நடுநிறம் என்பது கணினி கண்டறியும் பொருளன்று. ஆய்வாளர் பொறுப்பேற்கும் கூற்று என்பது புலனாகும். உயரத்தில் அது சந்தையின் எல்லையாகவும், மழையிலும் காட்டிலும் தெரிந்தெடுத்த ஆண்டாகவும், மக்கள் தொகையில் சமூகத்தின் முன் எழுப்பப்படும் வினாவாகவும் அமைகின்றது. இரு முனைகளைக் கூட்டி இரண்டால் வகுத்துப் பெற்ற எண்ணை நடுநிலை என்றழைப்பது, நடுநிலைமை என்னும் சொல்லுக்கே இழுக்காகும்.

படத்தின் விளிம்பையும் நாம் மறத்தலாகாது. ஒப்பந்தத்தின்படி அனுப்பப்பட்டோர் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினர். அவர்களுட் பலர் நீலகிரியில் மீண்டும் தேயிலை நிரைகளிடையே கூடை சுமந்தனர். அவர்தம் மறுவாழ்வுக்கெனத் தமிழ்நாட்டில் 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. இலங்கையின் எல்லையோடு வெட்டப்பட்ட ராஸ்டரில், அட்டனின் கபிலத்துக்கு ஈடான நிறம் எங்கும் தோன்றாது. அது கூடலூரிலும் கோத்தகிரியிலும் இருக்கின்றது. குறைந்தவர் எங்கே கூடினர் என்று கேட்கும் ஆய்வாளர், பாக்குநீரிணைக்கு இருமருங்கும் உள்ள மலைகளை ஒரே படத்துள், ஒரே அளவுகோலில், ஒரே நடுவைக் கொண்டு வரைதல் வேண்டும். அவ்வாறு வரையப்படும் படமே இழப்பையும் வரவையும் ஒருசேரக் காட்டும். அதற்கு வேண்டிய கருவிகள் இன்று நம் மாணவர் கையில் உள்ளன. அவர்கள் முதலில் தீர்மானிக்க வேண்டியது நடுவை.